ஏழாம் குழாய்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். பெயர் நீலாவதி. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் சாலையில், முதல் வளைவுக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். அந்த ஊருக்குத் தண்ணீர் விடுகிறவள் நான். மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பி, காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வால்வைத் திறந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் போன பிறகு ஊராட்சியில் எனக்குக் கொடுத்தார்கள். ஒன்பது தெருக்குழாய், ஒன்பது வால்வு, ஒரே சாவி. அது எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும்.

கொரோனா என்று டிவியில் சொல்ல ஆரம்பித்த புதிதில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நம்ம வெயிலுக்கு அது செத்துடும் என்றார்கள். ஊரடங்கு அறிவித்து, மலைக்குப் போகிற பஸ்ஸும் நின்றதும் அதே வாய்களெல்லாம் அடங்கிவிட்டன. வேலிக்காத்தான் முள்ளை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். போனில் ஒருவன் பூண்டு தின்னச் சொன்னான், இன்னொருவன் கற்பூரத்தை முகரச் சொன்னான், இரண்டையும் செய்தார்கள். ஏழாம் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற ரத்தினம்மாள், கடைக்கு முன்னால் கயிறு கட்டி, பருப்பையும் வெல்லத்தையும் முறத்தில் வைத்து நீட்டினாள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். பகலில் பத்து தடவை கை கழுவினேன். தண்ணீர் என் கையில் இருக்கிற தைரியம் வேறு.

அப்படி இருக்கும்போதுதான் என் கொழுந்தன் கிருஷ்ணன் வந்து சேர்ந்தான். பொங்கல் முடிந்ததும் பெண்டாட்டி ராஜேஸ்வரியையும் நாலு வயது அபிநயாவையும் கூட்டிக்கொண்டு குடகுக்கு மிளகு பறிக்கப் போனவன். தோட்டத்தில் வேலை நிறுத்திவிட்டார்கள். தக்காளி லாரியில் தொற்றி வாணியம்பாடி வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். விடிகாலையில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். குழந்தையின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

எனக்கும் ராஜேஸ்வரிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. சண்டை ஏழாம் குழாயடியில் வந்தது. வரிசையில் என் குடத்தைத் தள்ளிவிட்டு அவள் குடத்தை வைத்தாள். நான் ஓங்கி ஒரு உதை விட்டேன். குடம் உருண்டு கால்வாயில் விழுந்தது. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் செத்தபோது வந்தாள், பதினாறு நாளும் பாத்திரம் தேய்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளுக்கு இருக்கிற வீம்பைவிட எனக்கு ஒரு பிடி அதிகம்.

வார்டு மெம்பர் சிங்காரம் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். "ஊருக்குள்ள விட முடியாதுப்பா. கொழந்தய வச்சிகினு புளியந்தோப்புல இருங்க. கொட்டாய் இருக்குது இல்ல? பத்து நாள் போவட்டும்" என்றார்.

"கரடி வர்ற தோப்புங்க அது" என்றான் கிருஷ்ணன். "சொந்த வூடு இருக்குதுங்களே எனக்கு."

நல்லவேளை, நர்ஸ் சுவேதா ஸ்கூட்டியில் வந்துவிட்டது. மூன்று பேர் நெற்றியிலும் மெஷினைக் காட்டிப் பார்த்தது. காய்ச்சல் இல்லை. பதினான்கு நாள் அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும், யாரும் உள்ளே போகக்கூடாது, அவர்கள் வெளியே வரக்கூடாது என்று சொல்லி, கதவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போனது.

ஸ்கூட்டி சத்தம் மறையவில்லை, சிங்காரம் என்னிடம் வந்துவிட்டார். "ஸ்டிக்கர் ஒட்டிட்டா ஆச்சா? தண்ணிக்கு வெளிய வந்துதான ஆவணும்? அவங்க கை வச்ச கொழாயில மத்த ஏழு வூடும் கை வைக்கணும். நீ ஏழாங்கொழாய மூடிடு. தண்ணி இல்லன்னா அவங்களே தோப்புக்குப் போய்டுவாங்க."

"அப்ப மத்த ஏழு வூடு இன்னா பண்ணும்?"

"ஆறாங்கொழாயில பிடிச்சிக்கட்டும். இன்னிக்கி ஒரு நாள் பாக்குறோம். நாளைக்கிப் போவலன்னா நாங்களே சாமானத் தூக்கி வெளிய வைப்போம்."

போங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். குழாயைத் தொடத்தான் வேண்டும். அதற்காக நாலு வயதுப் பிள்ளையைக் கரடிக்கு நடுவே படுக்க வைப்பதா? அபிநயா என் வீட்டுக்காரர் மடியில் வளர்ந்த பிள்ளை. அவள் அந்த வீட்டில்தான் தூங்குவாள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் தண்ணீர் விட்டுவிட்டு வரும் வழியில் வேப்பமரம் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே போகமாட்டான். அந்த வீட்டு ஆளும் குழாயடிக்கு வரமாட்டான். ஆனால் ஒருத்தரும் அவர்களைத் துரத்தமாட்டார்கள். அம்மன் வந்து உட்கார்ந்த வீட்டை எவன் துரத்துவான்? வாசல் கல்மேல் ஒரு குடம் வைத்திருக்கும், தெருக்காரர்களே தண்ணீர் கொண்டுபோய், தொடாமல், எட்ட நின்று அதில் ஊற்றிவிட்டு வருவார்கள். நர்ஸ் சொன்னதும் இதைத்தானே? அது ஸ்டிக்கரில் சொன்னது, இது இலையில் சொல்கிறது.

இரண்டு கொத்து ஒடித்தேன். கிருஷ்ணன் வீட்டு நிலையில், ஸ்டிக்கர் மறைகிற மாதிரி நன்றாகச் செருகினேன். ஜன்னலைப் பார்த்து, "கிருஷ்ணா, குடத்த எடுத்து கல்லு மேல வையி. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்றேன். ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் வெளியே வந்தது. வைத்தது ராஜேஸ்வரி. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாள் சாமானைத் தூக்க வந்த சிங்காரம் கொத்தைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். "கொழந்தைக்கா?" என்று என்னிடம் கேட்டார். "கண்ணு தெரியுது இல்ல உங்களுக்கு" என்றேன். பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. கூழ் வந்தது, மோர் வந்தது, இளநீர் வந்தது. காலையும் மாலையும் நானும் ரத்தினம்மாளும் இன்னும் இரண்டு பேரும் குடம் குடமாகப் பச்சைக் குடத்தில் ஊற்றினோம். நாங்கள் நகர்ந்த பிறகுதான் கிருஷ்ணன் வந்து எடுத்துப்போவான். கல்லைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருந்தது. எட்ட நின்று ஊற்றினால் சிந்தாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரே பெருமை. உள்ளுக்குள்ளே எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். அம்மை வீட்டில் நாலாம் நாள் தெருப் பெண்கள் தலைக்குக் குளித்து, மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். படுத்திருக்கிற பிள்ளைக்கு இலையால் விசிறி, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அது எப்படி எனக்கு மறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் டேங்க் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். ஏழாம் தெருவில் மஞ்சள் சேலை வரிசையாக நகர்ந்தது. பதினோரு பேர். முன்னால் செம்போடு ரத்தினம்மாள். ஏணியில் எப்படி இறங்கினேனோ, முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்ததே வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. ஓடினேன். ரத்தினம்மாள் படியில் கால் வைக்கப்போகும்போது வாசலை மறித்து நின்றுவிட்டேன். முதுகுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் ராஜேஸ்வரி மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"இன்னாடி நீலா, வழிய வுடு" என்றாள் ரத்தினம்மாள்.

"உள்ள போவக் கூடாது."

"அம்மாவப் பாக்க வந்தவங்கள வழி மறிக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

பேசாமல் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பதினோரு பேரும் உள்ளே போய்க் குழந்தையைத் தொட்டு, அவரவர் வீட்டுக்குப் போய், நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால்? "அம்மை இல்ல ரத்தினம்மாக்கா" என்றேன். "கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல. கொத்து நான்தான் கட்டினேன். இவங்கள நீங்க தோப்புக்குத் தொரத்தக் கூடாதுன்னு கட்டினேன்."

ரத்தினம்மாள் கையிலிருந்த செம்பு ஆடி, மஞ்சள் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. "அம்மன் பேர வச்சியா ஏமாத்தின?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் சிங்காரம் வந்துவிட்டார். "அப்பவே சொன்னேன். ஏழாங்கொழாய மூடு. இப்பவே மூடு. இல்லன்னா சாவிய இப்படிக் குடு."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். "ஒண்ண மூடச் சொன்னீங்கன்னா ஒம்பதையும் மூடுவேன் மெம்பரே. உங்க வூட்டு மூணாங்கொழாயத்தான் மொதல்ல மூடுவேன். அப்புறம் இந்த சாவியக் கெணத்துல போட்டுட்டு, நானும் இதே வாசல்ல உக்காந்துப்பேன். பொய் சொன்னது தப்பு. அதுக்கு நான் கோயில்ல அபராதம் கட்டிக்கிறேன், அது எனக்கும் அம்மனுக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன். நாலு நாளா நீங்கதான ஊத்துனீங்க? இவங்க யாராச்சும் கொழாயத் தொட்டாங்களா? யாருக்காச்சும் இன்னா ஆச்சி? இல சொன்னப்ப எட்ட நின்னு ஊத்தத் தெரிஞ்சிது. நான் சொல்றப்ப தெரியாதா?"

 சிங்காரம் ஒன்பது குழாயையும் மனதில் ஒரு சுற்றுப் பார்த்திருப்பார். "நர்ஸுகிட்டப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெண்கள் கலைந்து போனார்கள். நான் கொத்தைப் பிடுங்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டிக்கர் மறுபடியும் தெரிந்தது. கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஏழாம் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் அந்தக் கல்லுக்கு யாரும் வரவில்லை. நான் மட்டும் ஊற்றினேன். கூழும் இல்லை, மோரும் இல்லை. சாயங்காலமும் நான் மட்டும்தான். ஆகட்டும், பதினான்கு நாளும் நானே ஊற்றுவேன், எனக்கு இரண்டு கை இருக்கிறது என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஆறாம் நாள் காலையில் நான் குடத்தோடு போனபோது ரத்தினம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், இடுப்பில் குடம். "உன்கூடப் பேச வரல நான்" என்றாள். "உம்மேல இருக்குற கோவம் அப்படியே இருக்குது. இலைக்கு ஊத்துனவ புள்ளைக்கு ஊத்தமாட்டேன்னா அம்மன் என்னிய இன்னான்னு கேப்பா?" எட்ட நின்று பச்சைக் குடத்தில் ஊற்றினாள். வழிய வழிய ஊற்றினாள். அப்புறமும் போகவில்லை, குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது? ரொப்பித்தான வச்சேன், அதுக்குள்ள கழுத்துக்குக் கீழ போய்டுச்சி. கொடம் ஒழுவுது."

நானும் பார்த்தேன். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சோப்பு வைத்து அடைத்திருந்தார்கள். அதையும் தாண்டிக் கல்லில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிந்தின ஈரம் என்று நான் நினைத்தது அத்தனையும் இதுதான். நாங்கள் ஊற்றிவிட்டு, சாவகாசமாக நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்கிற வரைக்கும் அந்த மூன்று பேரின் தண்ணீர் ஓடிப்போயிருக்கிறது.

"வேற கொடம் இல்லியாடி உள்ள?" என்று ரத்தினம்மாள் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

உள்ளேயிருந்து ராஜேஸ்வரி பேசினாள். "நல்ல கொடம் ரெண்டும் தோட்டத்துலயே போய்டுச்சி ரத்தினம்மாக்கா. வூட்டுல வச்சிட்டுப்போனது இது ஒண்ணுதான். உள்ள எடுத்தாந்து பாத்தா பாதி இருக்கும், அத வச்சி ஓட்டிக்கிறோம்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

ராஜேஸ்வரியின் குரல் கதவுக்குக் கிட்டே வந்தது. "ஆறு வருசமா ஒழுவுதுக்கா அது. ஒதச்சவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ரத்தினம்மாள் என்னைப் பார்த்தாள். நான் என் குடத்தை அங்கேயே கீழே வைத்துவிட்டு நடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஊரை எதிர்த்து நின்றேன், மெம்பரை மிரட்டினேன், எல்லாம் சரி. நான் உதைத்த குடத்தில் நானே ஊற்றிவிட்டு, நானே பெருமைப்பட்டிருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை பாதிக் குடத்தில் குளித்துக் குடித்திருக்கிறது.

வீட்டில் என் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். ஏழாம் குழாயில் நிரப்பிக் கொண்டுபோனேன். கல்லின்மேல் வைத்துவிட்டு, பச்சைக் குடத்தை ஒரு குச்சியால் ஓரமாகத் தள்ளினேன். பிறகு எட்ட வந்து நின்றேன்.

"ராஜேஸ்வரி" என்று கூப்பிட்டேன். "இது ஒழுவாது. எடுத்துக்க."

கதவு திறந்தது.