ஒன்பதாவது குஞ்சு

என் வாயைப் பற்றி லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துளசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டால் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டான் என்பார்கள். அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசி மாதம் ஒரு புதன்கிழமையோடு அந்தப் பெருமை போய்விட்டது.

அப்போது நான் கடலுக்குப் போகாமல் எட்டு நாள் ஆகியிருந்தது. வலையில் மாட்டிய திருக்கையைப் பிரித்து வீசும்போது அது வாலைச் சுழற்றிக் கணுக்காலில் முள்ளை இறக்கிவிட்டது. கால் வீங்கிப் புண் சீழ் பிடித்தது. மகன் தினகரன் என் பங்குக்கும் சேர்த்துப் படகில் போனான். மனைவி செல்வம்மாள் விடிந்ததும் கூடையோடு மீன் விற்கப் போய்விடுவாள். வீட்டில் நானும் மருமகள் வித்யாவும்தான். மூன்று வேளையும் வெந்நீர் வைத்து என் காலை அதில் ஊறவைத்து, புண்ணைத் துடைத்துக் களிம்பு போடுவது அவள்தான். அவள் முகம் சுளித்ததே இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தையும் அவள்மேல் எரிந்து விழுந்துதான் தீர்த்துக்கொண்டேன், வேறென்ன தெரியும் எனக்கு?

வித்யா காட்டூர்க்காரி. நெல்லும் கோழியும் மாடுமாக வளர்ந்தவள். அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெட்டைக்கோழியைப் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். கருவாடு காய்கிற இடத்தில் கோழி என்னத்துக்கு என்று அன்றைக்கே சத்தம் போட்டேன். அவள் பாட்டுக்கு அதை அடைக்கு வைத்தாள். ஒன்பது முட்டையும் பொரித்தன. எட்டுக் குஞ்சுகள் தாயோடு ஓடின. ஒன்பதாவது ஒரு நாள் கழித்துத்தான் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துபோய் நிற்க முடியவில்லை. தாய்க்கோழியே அதைக் கொத்தித் தள்ளியது.

அதற்கு முந்தின ஐப்பசியில்தான் வித்யாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. அதன் பிறகு அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். இந்தக் குஞ்சு வந்த பிறகுதான் வீட்டில் அவள் குரல் கேட்டது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் என் பழைய லுங்கியைக் கிழித்துப் போட்டு, சூட்டுக்காக மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். விரிந்த கால்களை ஒரு பிளாஸ்திரித் துண்டால் தளர்வாகச் சேர்த்துக் கட்டினாள். விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு அலகில் வைப்பாள். நான்காவது நாள் அது எழுந்து நின்றது. "மாமா, நிக்குது பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். அவள் சிரித்து நாங்கள் நாலு மாதமாகப் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை என் களிம்பு தீர்ந்துவிட்டது. பழவேற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வரக் கிளம்பினாள்.

"மணிக்கு ஒரு தரம் ரெண்டு சிட்டிகை நொய், நாலு சொட்டு தண்ணி. வேற எதுவும் குடுத்துடாதீங்க மாமா. இது பொழச்சிக்கும்னு தோணுது" என்றாள்.

"எனக்கே பாடம் சொல்றியா? ரெண்டு புள்ளய வளத்தவம்மா நான். நீ போய்ட்டு வா."

அவள் போன கொஞ்ச நேரத்தில் என்னோடு படகில் வரும் திருவேங்கடம் எட்டிப் பார்த்தான். மடியில் அட்டைப்பெட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"இன்னா துளசிங்கம், கடல வுட்டுட்டு கோழி மேய்க்க வந்துட்டியா? அடுத்த வாரம் முட்ட விக்கப் போவியா?"

"போடா டேய், உன் வேலையப் பாத்துக்கினு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். எனக்கு உள்ளே சுருக்கென்றது. பெட்டியைப் பார்த்தேன். குஞ்சு ஒரு நொய்யைக் கொத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. வெறும் நொய்யைத் தின்றால் தெம்பு எங்கிருந்து வரும்? எங்கள் குப்பத்தில் பிள்ளை இளைத்திருந்தால் மடவைக் கருவாட்டைச் சுட்டு, இடித்துப் பொடியாக்கிக் கஞ்சியில் தூவிக் கொடுப்போம். தினகரன் அதைத் தின்றுதான் எழுந்து நடந்தான். காட்டூர்க்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவள் திரும்பி வருவதற்குள் இதை ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். உப்பில் ஊறிக் காய்ந்த மடவையில் ஒரு துண்டைச் சுட்டு இடித்து நொய்யோடு பிசைந்து வைத்தேன்.

குஞ்சு ஆவலாகத் தின்றது. உடனே தண்ணீர் தேடியது. டப்பா மூடியில் ஊற்றி வைத்தேன். குடித்தது, மறுபடியும் குடித்தது, மூடி காலியாகும்வரை குடித்தது. தெம்பு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு சிட்டிகை பொடி போட்டேன்.

மதியம் நெருங்கும்போது அதன் கழுத்து தொய்ந்தது. கால் நடுங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து அலகைத் திறந்து திறந்து மூடியது. உள்ளங்கையில் எடுத்து வைத்து ஊதினேன். தண்ணீர் சொட்டினேன். எழுந்துக்கோ கண்ணு, அவள் வந்துவிடுவாள், எழுந்துக்கோ என்று கெஞ்சினேன். குஞ்சு என் கையிலேயே அடங்கிவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. மீதிப் பொடியை அடுப்புச் சாம்பலில் கொட்டினேன். உரலைக் கழுவினேன். குஞ்சின் அலகை லுங்கி முனையால் துடைத்து, தூங்குகிற மாதிரி பெட்டியில் படுக்கவைத்தேன். பிறகு கட்டிலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனைக்கும் கால்வலி குறுக்கே நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு வித்யா வந்தாள். களிம்பைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நேராகப் பெட்டிக்குப் போனாள்.

"மாமா."

"இன்னா?" என்றேன், அப்போதுதான் விழித்தவன் மாதிரி.

"குஞ்சு போயிடுச்சு."

"அப்டியா? கண்ணு அசந்துட்டேன். பாக்கலியே."

அவள் அதை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க ஏதாச்சும் குடுத்தீங்களா மாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அதட்டக்கூட இல்லை. எனக்கு மாட்டிக்கொண்ட ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"இன்னா, என்னயே விசாரிக்கிறியா? நான் கொன்னுட்டேன்றியா? உன் கைல எதுதான் தங்குது? வயித்துல வந்ததே தங்கல, இதுவா தங்கப் போவுது?"

சொன்ன நிமிஷமே என் காதே கூசியது. வித்யா அழவில்லை. குஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மணலைத் தோண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கை கழுவுகிற சத்தம். இனி துணிமணியைக் கட்டிக்கொண்டு காட்டூருக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனாலும் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

அவள் வெந்நீர் வாளியோடு வந்தாள். தினமும் செய்வது போலத் தன் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, என் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அந்தத் தண்ணீரை என் மூஞ்சியில் ஊற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வித்யா, நான்தாம்மா குடுத்தேன்" என்றேன். "மடவைக் கருவாட்ட இடிச்சு நொய்ல கலந்தேன். நல்லது பண்றோம்னு நெனச்சுதான்..."

"தெரியும் மாமா. அலகுல கருவாட்டு வாட அடிச்சுது. குஞ்சுக்கு அவ்ளோ உப்பு ஆவாது."

"தெரிஞ்சிக்கினேவா கேட்ட?"

"நீங்களே சொல்லிடுவீங்கனு கேட்டேன்."

காலைத் துடைத்தாள். களிம்பைத் தடவித் துணியைச் சுற்றினாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"மன்னிச்சிடுமா. தினகரன்கிட்ட சொல்லி நாளைக்கே வேற குஞ்சு வாங்கியாரச் சொல்றேன். பத்துகூட வாங்கலாம்."

துணியின் முடிச்சை இறுக்கிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"குஞ்ச வுடுங்க மாமா. அது தெரியாம செஞ்சது. அந்த வார்த்தைய தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.