திருகாணி மேல் பூ

"அசையாதடி" என்று கெங்கம்மாள் மகளின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது காதுக்குப் பின்னால் கனகாம்பரத்தைப் பந்தாகச் சுருட்டி ஊசி குத்தினாள். கல்பனாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பூவுக்கு அடியில் இன்னும் ஆறாத புண் இருந்தது.

அந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. பிறவியிலேயே கல்பனாவுக்கு இரண்டு காதிலும் துவாரம் கிடையாது. பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். போன வருஷம் சென்னையில் ஆப்பரேஷன் செய்து அந்தத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் மாட்டிக்கொள்ள ஒரு மெஷினும் கொடுத்தார்கள். சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும். மாட்டிய அன்று அம்மா அரிசி களைவதைக் கேட்டு, இதற்குக்கூடச் சத்தம் உண்டா என்று அழுதாள். புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையும் கிடைத்தது.

ஆனால் பெண் பார்க்க யாராவது வந்தால் போதும், மெஷின் அரிசி டிரம்முக்குள் போய்விடும். தலை நிறைய எண்ணெய், அதன்மேல் கொத்துப் பூ. ஒவ்வொரு முறையும் இதே கூத்து, ஒவ்வொரு முறையும் சீழ். எலும்பு அருமையாகப் பிடித்திருக்கிறது, தோலைத்தான் நீங்கள் கெடுக்கிறீர்கள், இன்னொரு தரம் இப்படி ஆனால் திருகாணியையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கெங்கம்மாளோ, ஆப்பரேஷன்தான் சரியில்லை என்று அவரையே திட்டிக்கொண்டிருந்தாள். என்ன நாக்கோ!

"இது போனா என் காதே போச்சும்மா" என்று கல்பனா கெஞ்சினாள்.

"கல்யாணம் ஆவட்டும். அப்பறம் இன்னா வோணா மாட்டிக்கோ" என்று கெங்கம்மாள் அவள் காதருகே கத்தினாள்.

திருவாலங்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பரசுராமனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு அடிக்கும் கம்பெனியில் வேலை. கல்பனாவின் அப்பா வீரராகவன் அவனிடம் ஷிப்ட் நேரம் கேட்டார். அவன் பேந்தப் பேந்த விழித்தான். அவன் அம்மா குப்பம்மாள் அந்தக் கேள்வியை அவன் காதில் கத்திச் சொன்னாள். காபித் தட்டோடு அருகில் நின்ற கல்பனாவுக்கே அது கேட்டது. குப்பம்மாள் அதே குரலில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

"சம்மட்டி சத்தத்துல இவனுக்குக் காது மந்தமாப் பூடுச்சு. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

கூடமே சிரித்தது. கெங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். உழைக்கிற ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு குறையா என்று அவள் சொன்னதை அறிய மகளுக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் வாயசைவைப் பார்த்தே வளர்ந்தவள் அவள்.

அடப் பாவிகளா! அவன் காது கெட்டால் உழைப்பு, அதைச் சிரித்துக்கொண்டே சபையில் சொல்லலாம். இவள் காது என்றால் மட்டும் சீழ் வைத்தாலும் பூ வைத்து மூட வேண்டுமா?

கல்பனா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். பூவைப் பிய்த்து எறிந்தாள். ரத்தமும் சீழும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. புண்ணைத் துடைத்துவிட்டு, டிரம்முக்குள் கைவிட்டு மெஷினை எடுத்து மாட்டினாள். வலி தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கூந்தலை ஒருபக்கம் ஒதுக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது காது கேக்கற மெஷினு. மெதுவாவே பேசுங்க, எனக்குக் கேக்குது."

கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வீரராகவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குப்பம்மாள் மகன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரிடா. செவிட்டுப் பொண்ணு நமக்கு வாணாம்."

"இன்னா?" என்றான் பரசுராமன்.

அவள் மறுபடி சொன்னாள். ஆத்திரத்தில் குரலே எழும்பவில்லை. அவன் மறுபடியும் "இன்னாம்மா?" என்றான். கல்பனாதான் எழுந்து அவனருகே போய், தெருவுக்கே கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"செவிட்டுப் பொண்ணு வாணாமாம். உங்கம்மா சொல்றாங்க."

இந்த முறை அவனுக்குக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான்.