குரல் நின்ற பிறகு

பாடகர் லெபெரெக்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடினாரோ இல்லையோ, உடனே விருந்தினரைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிடுவார். பியானோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், எல்லோரும் கைதட்டிவிடுவார்கள். வாசிப்பவள் அவர் மனைவி ஓட்டிலி. பாட்டுகளுக்கு இசை எழுதுவதும் அவள்தான். குரல் அடங்கிய பிறகு பியானோ தனியாகச் சொல்லி முடிக்கிற இடத்தில்தான் உயிரையே வைத்திருப்பாள். லைப்சிக் நகரில் ஒருத்தர் காதிலும் அது விழுந்ததில்லை.

மற்றப் பாட்டுகள் போகட்டும். இன்றைய பாட்டு அப்படியில்லை. சொற்கள் என்னவோ உருகும் பனியைப் பற்றித்தான். முடிவில் மட்டும் பியானோ இரண்டு தாவல் தாவி, கொஞ்சம் நின்று, மறுபடி தாவும். போன குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோன அவர்கள் மகள் மின்னா படியிறங்குவது அப்படித்தான். பாடிப் பழகும்போதுகூட அந்த இடம் வருவதற்குள் லெபெரெக்ட் அறையைவிட்டுப் போய்விடுவார். எல்லாம் கர்வம் என்று நினைத்தாள் ஓட்டிலி.

ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு ஆட்கள் வருவதற்கு முன் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் நான் கையை எடுக்கிற வரைக்கும் குனியாதீங்க."

"பாடி முடிச்சவன் மரம் மாதிரி நிக்கணுமா? நல்லா இருக்கே!"

"நின்னா என்ன, கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

அவர் கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

முன்வரிசையில் வெண்ணெய்க் கேக்கும் தட்டுமாக நோட்டரி மனைவி சைட்லர். கைதட்டுவதில் அவளை முந்த ஊரில் ஆளில்லை. லெபெரெக்ட் கடைசிச் சொல்லைப் பாடி முடித்ததும் தட்டை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். போச்சு, இதுவும் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள் ஓட்டிலி.

லெபெரெக்ட் குனியவில்லை. விருந்தினருக்கு முதுகைக் காட்டிப் பியானோ பக்கம் திரும்பிக்கொண்டார். பாடகர் இப்படி நின்றால் கைதட்டுவதா, வேண்டாமா? சைட்லரின் கை தூக்கியபடியே நின்றது. இரண்டு தாவல், ஒரு நிற்றல், மறுபடி தாவல். கூடம் முழுவதும் அதைக் கேட்டது.

அவள் விரல்களை எடுத்தாள். அவர் முகமெல்லாம் ஈரம்.

"இப்பத் திரும்பலாம்ங்க," என்றாள் மெல்ல.

"முடியலடி. இதைக் கேட்கப் பயந்துதான் தினமும் ஓடினேன்," என்றார். "கடைசிப் படி வந்ததும் மின்னா 'அப்பா, புடி'ன்னு என் மேல பாய்வா. அதை ஏன் நீ எழுதலை?"

"மாடியில இருந்த எனக்கு என்ன தெரியும்? கீழ நின்னது நீங்கதானே."

விருந்தினர் காத்திருக்க, விரல்களை மறுபடி பியானோக் கட்டைகளின் மேல் வைத்தாள்.

"எப்படிப் பாய்வா? சொல்லுங்க."