என்சைம் போடாத குழாய்

பத்தரை மணிக்கு, சோதனை முடிவைக் காட்டும் ஜெல் தகட்டில், வரக்கூடாத இடத்தில் ஒரு பட்டையைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவி பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். பதினொன்றுக்கு அவளுடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு உட்காருகிறது. அவளுடைய பிஎச்டி பதிவு நீடிக்குமா, ரத்தாகுமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய பேராசிரியருக்குத் துறையில் 'செவிச்செல்வர்' என்று பெயர். முப்பது வருடம் காதை ஆராய்ந்தவர். அடுத்தவர் சொல்வதைக் கேட்டதாக மட்டும் சரித்திரம் இல்லை. எலியின் உட்செவியில் நியூக்ளியோடைடு ஏற்பி என்ற ஒரு புரதத்தின் ஜீன் வேலை செய்கிறது என்று போன மாதமே மூன்று மேடைகளில் முழங்கிவிட்டார். எலியின் சம்மதம்தான் பாக்கி.

ஜீன் எல்லாச் செல்லிலும் டிஎன்ஏவாகச் சும்மா கிடக்கும். வேலை செய்தால்தான் அதிலிருந்து ஆர்என்ஏ உண்டாகும். அந்த ஆர்என்ஏவை என்சைம் போட்டு டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கினால் ஜெல்லில் பட்டை விழும். கூடவே என்சைம் போடாத குழாய் ஒன்றையும் ஓட்டுவார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால், மாதிரியில் பழைய டிஎன்ஏவே கலந்திருக்கிறது என்று அர்த்தம்; இத்தனை நாள் பார்த்தது சும்மா கிடந்த ஜீனைத்தான்.

வந்திருந்தது. பளிச்சென்று.

"சார், டிஎன்ஏவை அழிக்கிற ஸ்டெப் வேண்டாம்னு நீங்கதானே..."

"எலிக்காது என்ன யானைக்காதாம்மா? இருக்கிற துளி ஆர்என்ஏவும் அதுல போயிடும்னு சொன்னேன்." சொல்லிக்கொண்டே கணினியில், படத்தில் அந்தக் குழாயின் பட்டை இருந்த ஓரத்தை வெட்டினார். "ஸ்லைடுல இடம் பத்தல. உன் நல்லதுக்குத்தான். நீ வாயைத் திறக்காதே."

குழுவில் மூன்று பேர். செவிச்செல்வர் இருபது நிமிடம் பொழிந்தார். முடிந்ததும், தலைமை வகித்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்சைம் போடாத குழாய் எங்கே?"

செவிச்செல்வர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியாகும்வரை நிதானமாகக் குடித்தார். பிறகு மாணவி பக்கம் திரும்பினார். "ஓட்டினது இவதான். சொல்லும்மா."

'சுத்தமா இருந்துச்சு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். யார் போய் எலிக்காதைக் குடையப் போகிறார்கள்?

"அதுலயும் பட்டை வந்திருக்கு மேடம். முழுப் படம் என்கிட்ட இருக்கு."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணு வருஷமா என்னதான் கண்டுபிடிச்சே?"

"இன்னும் ஒண்ணும் இல்ல மேடம்."

செவிச்செல்வர் தொண்டையைச் செருமினார். "அந்தக் குழாயைப் போடச் சொன்னதே நான்தான். எங்க லேப்ல நேர்மைங்கிறது..."

"உங்களைக் கேக்கல சார்." அம்மையார் முழுப் படத்தையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஆறு மாசம் தர்றேன். டிஎன்ஏவை அழிச்சுட்டு முதல்லேர்ந்து பண்ணு. ஜீன் வேலை செய்யலைன்னு வந்தாலும் அதையே எழுது. படத்தை நேரா என்கிட்ட கொண்டு வா."

"சரி மேடம்" என்று அவள் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

வராந்தாவில் செவிச்செல்வர் அவள் தோளருகே வந்தார். "எப்படிக் காப்பாத்தினேன் பாத்தியா?"

அவள் எலிக்கூடத்துச் சாவியை வாங்கப் போய்க்கொண்டிருந்தாள்.