நாங்க எட்டுப் பேரு

கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். விட்டுவிட்டால் நாங்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, "எவ்வளவு நுட்பம் பாருங்க" என்று பூரித்துப்போனார். நுட்பமாம் நுட்பம். இரண்டாம் ஆண்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரியில் போய்ச் சேர்ந்து பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும், இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி மண்டை காய்வாள் என்று.

அம்மா நர்ஸ். பழைய ஊர் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக யார் யாரோ ஏவிய வேலையைச் செய்தவளுக்கு இங்கே ஒரு வார்டின் முழுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். மேசை, நாற்காலி, மேசைமேல் அவள் பெயர் எழுதிய பலகை. முதல் நாள் அந்தப் பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள், எங்கே நம்பமாட்டேனோ என்று. "பிள்ளை இங்கேயே என்கூட இருந்து படிக்கட்டும், நடுவுல எதுக்குக் காலேஜ் மாத்துறே?" என்று சித்தி சொல்லத்தான் செய்தாள். நான்தான், அம்மா தனியாகவா போவாள் என்று வீம்பாகக் கிளம்பி வந்தேன்.

வந்து பார்த்தால் கல்லூரி ஒரு பழைய மரச்சாமான் கடை. வாசலில் இன்னும் அந்தப் பெரிய கண்ணாடி இருக்கிறது. கட்டிலும் பீரோவும் விற்ற இடத்தில் கணக்கியல் வகுப்பு. கீழே ஒருத்தர் தும்மினால் மூன்றாம் மாடியில் "நூறு வயசு" என்பார்கள், அவ்வளவு சின்ன இடம். எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. எனக்கு வைத்தது 'புதுசு'. நான் சேர்ந்த அன்று வாங்கிய செருப்பு தேய்ந்து வார் அறுந்துவிட்டது. நான் மட்டும் இன்னும் புதுசு.

நாடகக் குழுவில் சேர்ந்ததுகூட நானாகச் சேர்ந்ததில்லை. அறிவிப்புப் பலகை முன்னால் சும்மா நின்றிருந்தேன். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தி, எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிடுகிறவள், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய நின்னு படிக்கிறத உள்ள வந்து பாரேன்."

உள்ளே என்பது பின்பக்கம் இருந்த பழைய சரக்கு அறை. வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை. நுழைந்ததும் டைரக்டர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "நாம இந்த நாற்காலியெல்லாம் அந்தப் பக்கம் போட்டுடலாமா?"

நாம. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். கடைசி நாற்காலியை வைத்துவிட்டுத் திரும்பினால் மற்றவர்கள் எல்லோரும் சுவரில் சாய்ந்துகொண்டு வசனம் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாமில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். "நாம போஸ்டர் ஒட்டணும்." சரி. "நாம ரூமைப் பெருக்கிடலாம்." சரி. ஆனால் "நேத்து நாங்க டீ குடிக்கப் போனப்ப ஒரு கூத்து நடந்துச்சு பாரு" என்று ஆரம்பித்தால் அது நாங்க. வேலைக்கு நாம, வேடிக்கைக்கு நாங்க. கறிவேப்பிலைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு, அதையாவது கொதிக்கும்போது உள்ளே போடுகிறார்கள். கணக்கியல் சாரும் இந்த ரகம்தான். "நாம இன்னும் அசைன்மென்ட் வைக்கலையே?" என்பார். அவர் எந்தக் காலத்தில் அசைன்மென்ட் வைத்தார்?

சரி, இவர்கள் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடலாம் என்றால் அதற்கும் விடமாட்டார்கள். என் வகுப்பில் மைக் என்று ஒருவன். அவனுக்கு மெதுவாகப் பேச வராது, அதனால் அந்தப் பெயர். ஒருநாள் அவன், "நாம எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றான். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய் ஓரத்தில் நின்றேன். அவன் போனை என் கையில் கொடுத்து, "புதுசு, நீ எடுத்துடு" என்றான். எடுத்தேன். கோபமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், "ஐயையோ, புதுசு இல்லாமல்ல எடுத்திருக்கோம், வா வா" என்று ஊர் கேட்கக் கத்தி, போகிற வருகிற யாரையோ பிடித்து மறுபடி எடுக்கவைத்தான். அந்தப் படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் அவன் இன்னமும் முகப்புப் படமாக வைத்திருக்கிறான். இதை எந்தக் கணக்கில் வைப்பது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

குழுவில் என் வேலை, திரைக்குப் பின்னால் நின்று மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது. எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். மேடையில் ஏற எனக்கு ஒரு வசனமும் இல்லை. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டு மறுநாளும் போவேன்.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒத்திகை நடக்கும்போது பிரின்சிபால் கதவைத் திறந்துகொண்டு வந்தார். புதிதாக வாங்கிய ஜெராக்ஸ் மெஷினுக்கு இடம் இல்லையாம், இந்த அறை வேண்டுமாம். எட்டுப் பேர் இல்லாத எந்தக் குழுவுக்கும் தனி அறை கிடையாது என்று ஒரு விதி இருக்கிறதாம்.

"எத்தனை பேரு இருக்கீங்க?" என்றார்.

நான் கையில் ஒரு நாற்காலியோடு டைரக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாங்க எட்டுப் பேரு சார்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். எட்டுப் பேரும் என் கண்ணு முன்னாடி நிக்கணும். இல்லேன்னா சாவியக் குடுத்துடுங்க."

அவர் போனதும் நான் எண்ணிப் பார்த்தேன். டைரக்டர், மைக், மற்ற ஐந்து பேர். ஏழு. சில நாளாக ஒத்திகைக்கு வராதவன் தாடி, கதாநாயகனின் அப்பாவாக நடிக்கிறவன். அவனோடு எட்டு. கணக்கு கச்சிதமாக முடிந்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே, நான் கையில் அவர்களுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே, நாங்க எட்டுப் பேரு. ஒரு மனுஷியிடம் இதற்குமேல் எப்படிச் சொல்ல முடியும், நீ இல்லை என்று? நாற்காலியைத் தொப்பென்று போட்டுவிட்டு வந்துவிட்டேன். பின்னாலிருந்து மைக் ஏதோ கத்தினான். நான் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம இங்க வந்ததே தப்பும்மா," என்றேன். "திரும்பிப் போயிடலாம்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நிஜமாத்தான் சொல்றியா?"

"பின்ன, விளையாட்டுக்கா சொல்றேன்?"

"காலேஜ்ல ஏதாவது சண்டையா?"

"சண்டை போடவாவது என்னை ஒரு ஆளா மதிக்கணுமே. இங்க எனக்கு ஒண்ணுமே இல்லம்மா."

அவள் சட்டைக் கையைத் திருப்பிப்போட்டு மெதுவாகத் தேய்த்தாள். பிறகு, "நல்லா யோசிச்சுதான் சொல்றியா?" என்றாள்.

"யோசிச்சாச்சு."

"சரி," என்றாள். அவ்வளவுதான். எனக்கு அதிலும் கோபம். தடுப்பாள், கெஞ்சுவாள், என்னைத் தனியா விட்டுட்டுப் போறியாடி என்பாள் என்று பார்த்தேன். என் மனதில் சித்தி வீட்டு மாடி அறையில் கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டுவதுவரை போயாகிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒத்திகைக்குப் போகவில்லை. போன் அடித்தபோது எடுக்கவும் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்று டி.சி. வாங்க விண்ணப்பம் கேட்டேன்.

"இப்பத்தானம்மா வந்து சேர்ந்தே, அதுக்குள்ளயா?" என்று முனகிக்கொண்டே கிளார்க் ஒரு தாளை நீட்டினார். அதை வாங்கும்போது தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம். பிரின்சிபால் முன்னால் வர, டைரக்டரும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"ஏழுதாம்மா இருக்கீங்க. எனக்கு எண்ணத் தெரியும்."

"எட்டு சார். ஒரு ஆளு மட்டும் வரணும். கொஞ்சம் பொறுங்க சார்."

"யாரு, அந்தத் தாடி வச்ச பையனா?"

"அவன் இல்ல சார். அவன் பெட்ரோல் பங்க்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். போன வாரமே நின்னுட்டான்."

"பின்ன யாரு?"

எனக்கு உடனே எதுவும் ஓடவில்லை. தாடி இல்லையா? தாடி இல்லை என்றால் எட்டு எப்படி? மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஏழுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். அதற்குள் மைக் என்னைப் பார்த்துவிட்டான்.

"அதோ நிக்குது சார் எட்டு," என்றான், மூன்று மாடிக்கும் சேர்த்து.

எல்லோரும் திரும்பினார்கள். டைரக்டரின் கண் கலங்கியிருந்தது. "எங்கடி போய்த் தொலைஞ்சே நீ? எத்தனை தடவை போன் பண்றது?"

"நான் எப்பக்கா எட்டாவது ஆனேன்?"

"செவ்வாய்க்கிழமை உன் முன்னாடிதானே சொன்னேன். உன்னை எண்ணிப் பார்த்துட்டுத்தானே எட்டுன்னே சொன்னேன்."

"நாங்கன்னு சொன்னீங்க. நாமன்னு சொல்லலையே."

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிப்பாவி. பிரின்சிபால்கிட்ட போய் நாம எட்டுப் பேருன்னா சொல்லுவாங்க? அவரும் வந்து நடிப்பாரா?"

மைக் சிரித்தான். கிளார்க்கும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அன்று அவள் பேசியது பிரின்சிபாலிடம். நாங்க என்று வெளியே நிறுத்தியது அவரை. நான் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன், நாற்காலியோடு.

"நான் நடிக்க வரலம்மா," என்றார் பிரின்சிபால். "நீ இவங்க குழுவா, இல்லையா? அதச் சொல்லு."

"நாங்க எட்டுப் பேரு சார்," என்றேன். குரல் உடைந்துவிட்டது. வெட்கம் கெட்ட குரல், எப்போது உடைய வேண்டும் என்று தெரிவதில்லை.

"அப்ப கையில என்ன?"

தாளைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் எங்களை மறுபடி ஒருமுறை எண்ணினார். ஜெராக்ஸ் மெஷினைப் படிக்கட்டுக்கு அடியில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று டீ குடிக்கப் போனோம். தாடியின் வேஷம் எனக்கு என்று டைரக்டர் அறிவித்தாள். அப்பா வேஷம் அம்மா வேஷமாக மாறும், வசனம் அதேதான், அதுதான் எனக்கு மனப்பாடமாயிற்றே. மைக் டீக்கடைக்காரரிடம், "எங்களுக்கு எட்டு டீ" என்றான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அம்மா அன்று சீக்கிரமே வந்திருந்தாள். பரண்மேல் போட்டிருந்த இரண்டு பெரிய பெட்டிகளையும் இறக்கி, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, நாங்க ரூமைக் காப்பாத்திட்டோம்."

"நாங்கன்னா?"

"நாங்கதான். நாடகக் குழு. எனக்கு வேஷம்கூட குடுத்திருக்காங்க. டி.சி. எல்லாம் வேண்டாம்மா, நான் இங்கேயே இருக்கேன்."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"நீதானே சொன்ன," என்றாள். "நாம திரும்பிப் போயிடலாம்னு."

"நான் சித்தி வீட்டுக்குப் போறதைச் சொன்னேம்மா. நான் மட்டும்."

"நாமன்னு சொன்னியேடி."

பெட்டிகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். "நீ என்ன பண்ணினே?"

"புதன்கிழமையே பழைய ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். அங்க ஆள் இல்லாம கிடந்திருக்கு, உடனே சரின்னுட்டாங்க. இன்னிக்கு வார்டு சாவிய இன்னொரு பொண்ணுகிட்ட ஒப்படைச்சுட்டு வந்துட்டேன்."

"அங்கயும் பொறுப்பு குடுப்பாங்களா?"

"அங்க ஏது? பழைய வேலைதான். பழைய நைட் டியூட்டிதான்."

"சாவிய திரும்பக் கேளும்மா."

"சின்னப்பிள்ளை மாதிரி பேசாதே. அந்தப் பொண்ணு இத்தனை வருஷம் அந்தச் சாவிக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கா. பலகையில இருந்து என் பேரை அங்கேயே துடைச்சாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே," என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நிஜமாத்தான் சொல்றியான்னு கேட்டேன். யோசிச்சுதான் சொல்றியான்னு மறுபடியும் கேட்டேன்."

கேட்டாள்தான். ஊரில் உள்ளவர்கள் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு நாமையும் நிறுத்துப் பார்த்த நான், என் வாயிலிருந்து விழுந்ததைப் பார்க்கவேயில்லை. இப்போது சந்தோஷப்பட வேண்டுமா, தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமா என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில், துடைத்த பெட்டிமேல் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப நாம என்னம்மா பண்றது?"

அம்மா ஈரத் துணியை மடித்துக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாமன்னா யாரு யாருன்னு முதல்ல சொல்லு," என்றாள்.