தலைக்கு மேல் இரண்டு விரல்

என் வீட்டுக்காரரைப் பாதிப் பேர் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் ஸ்டூல் கேட்பார்கள், இவர் தண்ணீர் மட்டும் கேட்பார். நின்றபடியே மூடியைக் கழற்றி, நின்றபடியே மாட்டிவிட்டு வந்துவிடுவார். ஆறடி நாலங்குலம். அந்த உயரத்தில் அவருக்கு இருக்கிற பெருமையைக் கொஞ்சம் குறைத்துத் தைத்துக் கொடுக்க முடிந்திருந்தால் நானே செய்திருப்பேன், என் தொழில் அதுதான். தெருமுனையில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன்.

அவ்வளவு உயரத்தால் அவர் பட்ட ஒரே கஷ்டம் கார். சாதாரணக் கார் இல்லை, ஆட்டோகிராஸ் கார். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பழைய கிடங்கின் முன்னால் இருக்கும் பெரிய தார்த்தளத்தில் ஆரஞ்சுக் கோன்களை வரிசையாக வைப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாக நெளிந்து நெளிந்து ஓட்டி வர வேண்டும். குறைந்த நேரத்தில் வருகிறவர் முதல், ஓட்டியவர்கள் பெயரும் நேரமும் ஒரு பலகையில் ஏறும். ஒரு கோனைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைக்கிற யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத விளையாட்டு.

இவர் ஆறு வருஷமாக அங்கே போய் வருகிறார். ஓட்டுவதற்கு இல்லை, கோன் பொறுக்குவதற்கு. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இவர் உட்கார்ந்தால் இரண்டு விரல் இல்லை, ஒரு நூல்கூட நுழையாது. அதனால் கையில் சிவப்புக் கொடியோடு வெயிலில் நிற்பார். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போகும் கோனை ஓடி எடுத்து வைப்பார்.

அதையாவது பேசாமல் செய்யலாம். ஒவ்வொரு கோனைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டிருக்கும். கோன் விழாவிட்டாலும், கட்டத்தை விட்டு வெளியே நகர்ந்தால் தண்டம் உண்டு. யாரும் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை, இவர் பார்ப்பார். ஒருமுறை அங்கே ஓட்டுகிற என் தம்பி முதலாவதாக வந்துவிட்டான் என்று எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் தரையில் மண்டிபோட்டுப் பார்த்துவிட்டுக் கொடியைத் தூக்கினார். அரை விரல் நகர்ந்திருந்ததாம். தம்பி நாலாவதாகப் போனான். இரண்டு மாசம் எங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சொந்த மச்சானுக்கே இப்படிச் செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, கோனுக்கு மச்சான் மாமன் தெரியாது என்று பதில் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரே ஒரு தடவை அந்தப் பலகையில என் பேரு வரணும். கடைசியா வந்தாலும் பரவால்ல."

கேலி செய்ய வாயைத் திறந்தேன். அவர் நிமிரவில்லை. ஆறு வருஷமாக அடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அன்றிலிருந்து வண்டி வேட்டை ஆரம்பமாயிற்று. முதலில் வந்தது கூரையில் கண்ணாடி வைத்த சின்னச் சிவப்பு வண்டி. உள்ளே உட்கார்ந்தால் வானம் தெரியும் என்றார்கள். தெரிந்தது, ஆனால் அந்தக் கண்ணாடியின் சட்டமே இரண்டு விரல் இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்தது கூரையே இல்லாத வண்டி. கூரை இல்லையென்றால் பிரச்சினையும் இல்லை என்று இவர் துள்ளினார். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். பின்னால் இருக்கும் இரும்பு வளைவிலிருந்து முன்கண்ணாடி வரை ஒரு துடைப்பக் கட்டையை வைத்துப் பார்த்தார்கள். கட்டை இவர் ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்து ஆடியது.

பிறகு ஒரு வண்டியின் சீட்டில் இருந்த பஞ்சையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தகரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்தார். தலை நுழைந்துவிட்டது. ஆனால் கண் ஸ்டியரிங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. கோன் எங்கே என்று கேட்டார். ஆறடி நாலங்குல மனிதர், எட்டிப் பார்க்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளிச் சீருடைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் வைத்திருக்கும் வேனில், இவர் தொப்பி மேல் தொப்பி போட்டுக்கொண்டு உட்காரலாம். ஆனால் அகலத்தைவிட உயரம் அதிகமான வண்டி வளைவில் கவிழ்ந்துவிடுமாம், அதைக் களத்துக்குள்ளேயே விட மாட்டார்களாம். நெட்டையான ஆள் நெட்டையான வண்டியில் வரக் கூடாது என்று நல்ல விதிதான் போட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் என் தம்பி சமாதானமாகி வந்து சேர்ந்தான். அவனும் ஆறடி நாலங்குலம். சுவரில் சாய்த்து நிறுத்தினால் இருவருக்கும் ஒரே கோடுதான். நானும் மாமாவும் ஒரே அளவு, எனக்குப் பொருந்தினால் அவருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, இவருக்குப் பதிலாகத் தானே ஊரெல்லாம் வண்டி பார்த்துவந்தான். அவன் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன மூன்று வண்டிகளிலும் இவர் தலை இடித்தது. ஒன்றில் கதவையே சாத்த முடியவில்லை. தம்பி சீட்டைக் குறை சொன்னான், ஹெல்மெட்டைக் குறை சொன்னான், மாமா நிமிர்ந்து உட்காருகிறார் என்றுகூடக் குறை சொன்னான்.

எனக்குக் காரணம் முதல் நாளே தெரியும். பத்தொன்பது வருஷமாக இவருக்குப் பேண்ட் தைக்கிறேன். இவர் கால் அளவும் என் கால் அளவும் ஒன்று. நான் ஐந்தடி ஐந்தங்குலம். இவர் உயரமெல்லாம் இடுப்புக்கு மேலே. தம்பிக்கு நேர்மாறு, அவனுக்குக் காலேதான் ஆள். தனக்கு நீளமான கால் என்று இவர் நம்பிக்கொண்டிருந்ததால், நானும் போகட்டும் என்று விட்டிருந்தேன். அந்த மூன்றாவது வண்டியில் நெற்றி வீங்கி வந்த பிறகு பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரையும் கடையில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, பெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை இன்ச் டேப்பைப் பிடித்தேன். நாலரை அங்குலம் வித்தியாசம்.

இவர் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார். யாரோ ஏமாற்றி விற்றுவிட்ட சாமானைப் பார்ப்பதுபோல இருந்தது. 

வண்டி கடைசியில் என் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் குள்ளமானவர், எந்தப் பேண்ட் வாங்கினாலும் கீழே மடித்துத் தைக்க என்னிடம்தான் வருவார். அவருடைய பழைய வெள்ளைக் கார் சின்னது, லேசானது, கூரை நேராக எழும்பி நிற்கும். பதினைந்து வருஷமாகப் பயந்து பயந்து உட்கார்ந்தவர்களின் பாரத்தில் ஓட்டுநர் சீட் குழிந்து போயிருந்தது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஹெல்மெட்டுக்கு மேல் இரண்டு விரல் வந்தது. என் விரல் இல்லை, இவர் விரல்.

மாஸ்டர் மறுப்பே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனக்கு வகுப்பு இல்லை என்றார். பக்கத்து சீட்டின் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கைக் காட்டி, மாணவர்கள் தடுமாறினால் தான் மிதிப்பது அதைத்தான் என்றும், அது இருப்பதை மறந்துவிடும்படியும் சொன்னார். இவர் அந்த வண்டியைத் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்புகிறது என்று மூன்று தடவை சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது, எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். களத்தில் சோதனை போடுகிறவர் கூரையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றச் சொன்னார். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'பழகுபவர் ஓட்டுகிறார், விலகிச் செல்லவும்' மட்டும் உரிந்து வரவில்லை. அதோடேயே போனார். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒருவருக்கு இரண்டு ஓட்டம். முதலில் தனியாகப் போனார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கடைசி வளைவு வரை. அங்கே வேகம் குறையாமல் வந்து இரண்டு கோன்களை வாரிக்கொண்டு போனார். தண்டத்தோடு அறுபத்தெட்டு விநாடி, இருபத்திரண்டு பேரில் கடைசி. ஆனாலும் பலகையில் 'ஏணி' என்று எழுதிவிட்டார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டாவது ஓட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளலாம், அப்படி உட்காருகிறவரின் கை கால் எதன்மேலும் படக் கூடாது. நீயும் வா என்று கூப்பிட்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வேனில் இவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் நான் உட்காரும் இடத்தில், கால்மிதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. என் வலது கால் போட்ட ஓட்டை. எதிரே லாரி வந்தால் மிதிப்பேன், மாடு வந்தால் மிதிப்பேன், இவர் பேசிக்கொண்டே ஓட்டினால் மிதித்தபடியே இருப்பேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட வண்டி நின்றதில்லை.

கடைசி வளைவு வந்தது. அதே வேகம், அதே கோன்கள். நான் மிதித்தேன். இந்த முறை வண்டி கேட்டது. முன்பக்கம் அமுங்கி, அழகாகத் திரும்பி, ஒரு கோனையும் தொடாமல் வெளியே வந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு விநாடி, தண்டம் இல்லை, ஏழாவது இடம். எல்லோரும் ஓடி வந்து அவர் முதுகில் தட்டினார்கள். கடைசி வளைவில் எவ்வளவு நிதானம் என்று தம்பியே பாராட்டினான்.  சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அந்த நேரத்தைப் பலகையிலிருந்து அடித்துவிடுவார்கள், ஆறு வருஷம் காத்திருந்த மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன், முகம் தெரியாது பாருங்கள். அவர் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நேரம் எழுதுகிற மேஜைப் பக்கம் போனார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பற்றியே பேசினார், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்தேன் என்று இருந்தேன்.

மதியம் வண்டியை விடப் போனோம். இவர் பலகையைக் கூரையில் மாட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டு, பெருமையாகத் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே கம்பிங்க. இங்க நான் மிதிச்சா, ஓட்டுறவர் காலடியில இருக்கிறதும் தானா இறங்கும். பையனுக்குத் தெரியணும்ல, நான்தான் நிறுத்தினேன்னு."

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கப் பிரேக் தானாக இறங்கி, தானாக ஏறியது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்றேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"என் பிரேக்கு என்னைக் கேக்காம கீழ போனா தெரியாதா?"

"அப்போ அந்த ஏழாவது..."

"அதைப் பலகையில அடிக்கச் சொல்லிட்டேன். முதல் ஓட்டம்தான் என் ஓட்டம். இருபத்திரெண்டாவது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோனுக்கு மச்சான் தெரியாது, சரி, பெண்டாட்டியையுமா தெரியாது என்று நடுத்தெருவில் கேட்டேன். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக் கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். இல்லை, பிரேக் தானாக விழுந்தது, வண்டியில் கோளாறு என்றுதான் எழுதச் சொன்னேன் என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும், அதையும் எனக்காகச் செலவழித்திருக்கிறார். 

கடையைத் திறந்து உள்ளே போனேன். அவரும் நிலைப்படியில் குனிந்து பின்னாலேயே வந்து, துணி வெட்டுகிற மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அடுத்த மாசம் தனியாத்தான் போவேன். நீ எங்க மிதிச்சேன்னு மட்டும் சொல்லு."

நான் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸை எடுத்து மேஜையின்மேலேயே கடைசி வளைவை வரைந்தேன். கோன்களுக்குக் கட்டம் போட்டேன். பிறகு வளைவுக்கு முன்னால் ஓர் இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன்.

அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு முன்னாடியேவா?"

"பத்தொம்பது வருஷமா அங்கதான் மிதிக்கிறேன்" என்றேன்.