எதிர்க்கட்சி மேடையின் விளக்கு

கணவரின் விறைத்த விரல்களை அவள் கோத்துவிட முயன்றுகொண்டிருந்தபோது, கிளைச் செயலாளர் கட்சிக் கொடியை உதறி, உடலின்மேல் விரித்தார்.

“கவலைப்படாதீங்க அண்ணி. அண்ணனைத் தள்ளிவிட்டவனுங்களைச் சும்மா விடமாட்டோம். அடக்கம் முடிஞ்சதும் நேரா அந்த மைக்செட்காரன் கடைக்குத்தான். ஒரு வயரு மிஞ்சாது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் மகன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

எலக்ட்ரீசியனான அவள் கணவர், எதிர்க்கட்சி மேடையருகே மண்டை உடைந்து கிடந்தார். தாக்கிக் கொன்றார்கள் என்றது கணவரின் கட்சி. குடித்துவிட்டுக் கலகம் செய்ய வந்தவர் விழுந்தார் என்றது அந்தக் கட்சி. இரண்டுக்கும் சாட்சிகள் கிடைத்தார்கள். மூன்றாவது கட்சியோ இருவரையும் கண்டித்துவிட்டு மலர்வளையம் அனுப்பியிருந்தது. அந்த மேடைக்கு ஒலிபெருக்கி கட்டியவரும் நடந்ததை அறிந்தவருமான மைக்செட்காரர், தம் கட்சிக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. உண்மை எந்தக் கட்சியிலும் சேராமல் அவளிடம் கிடந்தது.

“யாரும் தள்ளலை,” என்றாள். “மேடையில விளக்கு எரியலைன்னு மைக்செட்காரரு கூப்பிட்டாரு, இவரு போனாரு. நம்மாளுங்க பார்த்துட்டா மானம் போயிடும்னு, டார்ச்கூட அடிக்காம இருட்டுலயே ஏணி ஏறியிருக்காரு. ஆஸ்பத்திரியில நினைவு தப்புறதுக்கு முன்னாடி அவரே எங்கிட்ட சொன்னாரு.”

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அம்மா, வாயை மூடு!” மகன் பல்லைக் கடித்தான். “அப்பா அவனுங்களுக்கு வேலை செஞ்சாரா? ஊரே காறித் துப்பும்.”

“துப்பட்டும்டா. நீ ஜெயிலுக்குப் போறதுக்கு அது தேவலை.”

“துக்கத்துல என்னமோ பேசுறாங்க,” என்று ஒருவர் சமாளித்தார்.

“புத்தி தெளிவாத்தான் இருக்கு. கலகம் பண்ணப் போறவரு, டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் பையில போட்டுக்கிட்டா போவாரு?”

செயலாளர் வெளியே சென்று கைப்பேசியில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மேலிடத்துல கேட்டேங்க. கொடிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, பாருங்க.” இம்முறை ‘அண்ணி’ இல்லை.

கொடியைச் சுருக்கமில்லாமல் நான்காக மடித்து எடுத்துக்கொண்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். சற்று நேரத்தில், உடலைத் தூக்கவும் ஆள் போதாது என்றாகிவிட்டது.

அப்போது மைக்செட்காரர் தனியே வந்தார். வெளிக்கதவைப் பிடித்தபடி நின்றார், உள்ளே வரவில்லை.

மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, வழியை மறித்துக் கிடந்த காலி நாற்காலி ஒன்றைச் சுவரோரமாக நகர்த்தினான்.